மூளை கட்ஆஃப் கேட்பதில்லை

மகளே, உன் கடிதம் வந்தது. நோட்டிலிருந்து கிழித்த தாளில் நான்கு பக்கம். அதில் மூன்று இடத்தில் ‘நான் லாயக்கில்லை’ என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவது இடத்தில் பேனா முனை தாளைக் குத்திக் கிழித்திருக்கிறது. அந்தக் கிழிசலைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. நிஜமாகவே லாயக்கில்லாதவளுக்கு இவ்வளவு கோபம் வராது.

பக்கவாதத்தில் விழுந்த உன் தாத்தா, தண்ணீர் கேட்க வாய் திறந்து “சாவி, சாவி” என்று சொன்னதைப் பத்து வயதில் பார்த்தவள் நீ. வீட்டில் எல்லோரும் பீரோ சாவியைத் தேடி ஓடினார்கள். நீ மட்டும் அவர் கண் போன திசையைப் பார்த்துச் செம்பை எடுத்து நீட்டினாய். அன்று பிடித்தது இந்த மூளைப் பைத்தியம். அதற்காக இரண்டு தடவை நீட் எழுதினாய். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. இப்போது வீட்டில், “டாக்டர் சீட்டே போயாச்சு, இனி மூளையாவது கீளையாவது, பேசாமல் பி.காம். சேர்” என்கிறார்கள். நீயும் தலையாட்டிவிட்டாய்.

நீட்டில் தோற்றது தப்பே இல்லை. தலையாட்டினாயே, அதுதான் தப்பு.

2024-இல் அந்தத் தேர்வை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஏறக்குறைய இருபது பேருக்கு ஒரு நாற்காலி. மிச்சம் பத்தொன்பது பேரும் மூளை இல்லாதவர்கள் என்று எந்த மடையன் சொன்னான்? நாற்காலி பற்றவில்லை, அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்றையும் சேர்த்துக் கேள். உன் தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தானே ஆசைப்பட்டாய்? அவருக்குத் தாகம் மறக்கவில்லை, தண்ணீரும் மறக்கவில்லை. சொல்லை எடுத்துத் தரும் வழி மட்டும் அறுந்துவிட்டது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது “டான்” என்ற ஒரே ஒலி. அவர் இறந்ததும் புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது பக்கம், நெற்றிக்குப் பின்னால் ஒரு பகுதி சிதைந்திருந்தது. பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. பத்து வயதில் நீ செம்போடு நின்றாயே, அதே கேள்வியின் முன்தான் அந்த மனிதரும் நின்றார். இந்தக் கேள்வியைக் கேட்க யாரிடமும் ரேங்க் கார்டு காட்ட வேண்டியதில்லை.

மூளைக்கு வைத்தியம் பார்ப்பது ஒரு தொழில். மூளை எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னொரு தொழில்; அதற்குப் பெயர் நியூரோசயின்ஸ். முதலாவதுக்கு எம்.பி.பி.எஸ். கட்டாயம். அதன் மேல் எம்.டி., அதன் மேல் டி.எம்.; பயிற்சிக் காலத்தையும் சேர்த்தால் நரம்பியல் மருத்துவராகப் பதினொன்றரை வருடம். இதில் குறுக்கு வழி இல்லை. நியூரோசயின்ஸ் படித்தால் மூளை டாக்டர் ஆகலாம் என்று எவனாவது விளம்பரம் செய்தால் அந்த நோட்டீஸில் பஜ்ஜி வைத்துச் சாப்பிடு. இரண்டாவது தொழிலுக்கு வாசல் அகலம். அமெரிக்காவில் அதற்கென்றே இளநிலைப் பட்டம் இருக்கிறது. ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிறிய கல்லூரி 1973-இல் தொடங்கிவைத்தது. இன்று அங்கே ஏராளமான பல்கலைக்கழகங்களில் உயிரியல், வேதியியல், உளவியல், புள்ளியியல், ஆய்வுக்கூடம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நான்கு வருடம் படிக்கலாம். நம் ஊர்க் கல்லூரி வாசலில் அப்படி ஒரு பலகையைக் காண்பது அரிது.

அரிது என்றதும் முகம் சுருங்குகிறதா? சுருங்காதே. அந்தப் பட்டமே இல்லாத காலத்தில்தான் இந்தத் துறையின் அஸ்திவாரம் போடப்பட்டது.

நத்தை போன்ற ஒரு கடல் பிராணியை வைத்து, நினைவு எப்படி நரம்பணுக்களின் இணைப்பில் தங்குகிறது என்று காட்டி 2000-இல் நோபல் வாங்கிய எரிக் காண்டல், ஹார்வர்டில் இளநிலையாகப் படித்தது வரலாறும் இலக்கியமும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படை போட்டு 2024-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹின்டன் கேம்பிரிட்ஜில் படித்தது உளவியல். அதே ஆண்டு வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான டெமிஸ் ஹஸாபிஸ், கம்ப்யூட்டர் கேம் எழுதிக்கொண்டிருந்தவர். நினைவு பற்றி ஆராய்ந்து மூளை அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, அடுத்த வருடமே டீப்மைண்ட் கம்பெனியைத் தொடங்கினார். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு ஊரோடு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜ் போய், பிறகு கலிபோர்னியா போய், அட்டைப்பெட்டிக்குள் ஒரு கண்ணாடியை நட்டுவைத்தார். கை வெட்டப்பட்டும், இல்லாத அந்தக் கை இறுகி வலிக்கிறது என்று துடித்தவர்களை, இருக்கும் கையை அந்தப் பெட்டிக்குள் விட்டு அசைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரிந்த பிம்பம் போன கை திரும்பி வந்ததுபோல அசைந்தது. சிலருக்கு இறுக்கம் விட்டது. கோடி ரூபாய் ஸ்கேனர் செய்யாததை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி செய்தது. நம் ஊர்ச் சந்தையில் அது என்ன விலை என்று உனக்கே தெரியும்.

இவர்களைவிட உனக்கு முக்கியமான ஆள் ஒருவர் இருக்கிறார். சந்தியாகோ ரமோன் இ காஹால். 1852-இல் ஸ்பெயினில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். பள்ளியில் உதவாக்கரை என்று பெயர். பதினோரு வயதில் வீட்டிலேயே பீரங்கி செய்து அண்டை வீட்டுக் கதவை உடைத்து, சில நாள் சிறையில் இருந்தார். படம் வரைவது ஒன்றுதான் ஆசை. அப்பா வைத்தியர்; ஓவியம் சோறு போடாது என்று சொல்லி, மகனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். எந்த ஊர் அப்பாவும் ஒரே அச்சுதான். கடைசியில் அந்த அப்பாவே மகனை இடுகாட்டுக்கு அழைத்துப்போய், கிடந்த எலும்புகளைப் பொறுக்கி வந்து வரையச் சொன்னார். பையன் வரைந்தான். வரைய வரைய உடற்கூறு பிடித்துப்போனது.

அந்தக் காலத்தில் மூளையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பின்னிப்போன வலைதான் தெரியும். இத்தாலியில் காமிலோ கொல்ஜி 1873-இல் வெள்ளி உப்பைக் கொண்டு ஒரு சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா நரம்பணுக்களும் கறுக்காது, இங்கொன்றும் அங்கொன்றும்தான் கறுக்கும். ஆனால் கறுத்தது வேர் நுனி வரை தெரியும், மஞ்சள் நிறப் பின்னணியில் இந்திய இங்க்கில் தீட்டிய மரம் மாதிரி. இந்த முறை பத்துப் பதினைந்து வருடம் யாரும் பெரிதாகச் சீந்தாமல் கிடந்தது. காஹால் 1887-இல் அதைக் கண்டார். மறு வருடம் பார்சிலோனாவில் உட்கார்ந்து, வளர்ந்த மூளையை விட்டுவிட்டுக் கோழிக்குஞ்சுக் கருவின் மூளையை எடுத்துக்கொண்டார். முதிர்ந்த காட்டில் வழி தெரியவில்லையா, நாற்றங்காலுக்குப் போ என்பது அவர் கணக்கு. அங்கே தெரிந்தது அவருக்கு: மூளை ஒரே வலை கிடையாது, நரம்பணு ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்று இன்னொன்றின் அருகே வந்து நிற்கும், ஒட்டிக்கொள்ளாது.

எழுதி அனுப்பினால் போடப் பத்திரிகை வேண்டுமே? சொந்தக் காசில் ஒரு பத்திரிகையை அவரே தொடங்கினார். அறுபது பிரதி அச்சடித்தார். எழுதியது ஸ்பானிஷில், அறிவியல் பேசிய ஜெர்மன்காரர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை.

இங்கே நிறுத்து. உன் கடிதத்தில் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, ‘நான் தமிழ் மீடியம், இங்கிலீஷ் பேச வராது’ என்று. காஹால் என்ன செய்தார் தெரியுமா? 1889-இல் தன் ஸ்லைடுகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ரயிலேறி பெர்லின் மாநாட்டுக்குப் போனார். ஜெர்மன் தெரியாது. உடைந்த பிரெஞ்சு. மைக்ரோஸ்கோப்பை மேஜையில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற பேராசிரியரை எல்லாம் நிறுத்திப் பார்க்கவைத்தார். அந்தக் காலத்தின் பெரிய தலை ஃபான் கொலிக்கர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரும்போது காஹாலின் கட்சிக்கு வந்துவிட்டார். 1906-இல் நோபல் பரிசு கொல்ஜிக்கும் காஹாலுக்கும் பாதிப் பாதி. மேடையில் கொல்ஜி, காஹால் சொன்னதை மறுத்தே பேசினார். பேசிவிட்டுப் போகட்டும். இன்று உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் இருப்பது காஹால் சொன்னது.

உடைந்த பிரெஞ்சு மூளை அறிவியலின் போக்கையே மாற்றியிருக்கிறது. உன் உடைந்த ஆங்கிலம் ஒரு நேர்முகத் தேர்வைத் தாண்டாதா?

சரி, கோபம் போதும், காரியத்துக்கு வருவோம். ஐஸர் என்று ஏழு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் திருப்பதி, திருவனந்தபுரம். ஐஏடி என்ற ஒரே நுழைவுத் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பி.எஸ். படிப்புக்கும், சென்னை ஐஐடியில் மருத்துவ அறிவியலையும் பொறியியலையும் சேர்த்துப் படிக்கும் பி.எஸ். படிப்புக்கும் அதே தேர்வு வழியாகப் போகலாம். பிளஸ் டூ முடித்த ஆண்டுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். உனக்கு அது தாண்டியிருந்தால் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் உன் தம்பி காதில் போட்டுவை. உனக்கு உள்ளூர் அரசுக் கலைக் கல்லூரி போதும். விலங்கியல், உயிர்வேதியியல், இயற்பியல், உளவியல், எது கிடைக்கிறதோ அதில் பி.எஸ்சி. சேர். அரசுப் பள்ளியில் படித்தவள் நீ. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். இளநிலை படிக்கும்போதே அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடு. இரண்டு மாதம் ஒரு நிஜமான ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலையாவது செய்; பாட்டில் கழுவும்போதும் காது திறந்துதானே இருக்கும். அதன் பிறகு ஜாம், கேட், நெட் என்று தேர்வுகள். மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் எல்லாம் இந்தத் துறைக்காகவே இருப்பவை. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம் பிடிக்கும். கல்யாணப் பேச்சு எத்தனை முறை வரும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். கணக்கை விட்டு ஓடாதே. ஹாட்கின், ஹக்ஸ்லி என்ற இருவர், கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு எப்படிப் பாய்கிறது என்று 1952-இல் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கம்ப்யூட்டர் அப்போது வேலை செய்யவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்கு யந்திரத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றினார். நரம்பில் ஓடும் துடிப்பு தாளில் வந்து விழுந்தது. 1963-இல் நோபல். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். இதைப் படம் வரைந்து பாகம் குறித்து முடித்துவிட முடியாது. புள்ளியியல் வேண்டும், பைத்தான் என்ற நிரல்மொழி வேண்டும். கையில் இருக்கும் செல்போனில் ரீல்ஸ் ஓடும் நேரத்தில் பாதியைக் கொடு, ஆறு மாதத்தில் நிரல் எழுதப் பழகிவிடலாம்.

“படித்துவிட்டு என்ன வேலை?” என்று உன் அப்பா கேட்பது நியாயமான கேள்வி. அவர் மேல் எரிந்து விழாதே, பதில் சொல். வெறும் இளநிலையோடு நின்றால் சம்பளம் சுமார்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எல்லோரும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. மருந்துக் கம்பெனிகளின் மருந்துச் சோதனைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். மூளைத் தரவை அலசத் தெரிந்தவள் வேறெந்தத் தரவையும் அலசுவாள். மருத்துவ உளவியலுக்குப் போகலாம், அதற்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு கட்டாயம்.

ஆஸ்பத்திரிக்குள்ளும் வேலை உண்டு. மூளையின் மின்னலையைப் பதியும் இ.இ.ஜி. அறைக்குள் ஒருநாள் போய்ப் பார். டெக்னீஷியன் டேப் வைத்து மண்டையை அளந்து புள்ளி வைப்பார். பசையைத் தொட்டு இருபதுக்கும் மேற்பட்ட மின்முனைகளை ஒட்டுவார். திரையில் கோடுகள் கிறுக்கலாக ஓடும். “கண்ணை மூடிக்குங்கம்மா” என்பார். அந்த நொடி, பின்மண்டைக் கோடுகள் மட்டும் சீரான அலையாக எழும், விநாடிக்கு எட்டிலிருந்து பதின்மூன்று. கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார். இன்று மாவட்டத் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் வலிப்பு வந்த குழந்தைக்கு அதே பதிவை எடுக்கிறார்கள். அதை எடுக்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும். முதுகுத்தண்டு ஆபரேஷன் நடக்கும்போது நரம்பு பத்திரமாக இருக்கிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே சர்ஜனை எச்சரிக்க ஓர் ஆள் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குச் செவிநரம்பைத் தூண்டும் கருவியைப் பொருத்துகிறார்கள். பொருத்தினால் வேலை முடிந்ததா? அன்று தொடங்கி மாதக்கணக்கில் உட்கார்ந்து “அம்மா” என்று கேட்கவும் சொல்லவும் பழக்குகிறவர், கேட்பியலும் பேச்சுப் பயிற்சியும் படித்தவர். அதற்குத் தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. வார்த்தை தொலைத்த தாத்தாக்களுக்கு வார்த்தையை மீட்டுத் தர முயல்வதும் அதே ஆட்கள்தான். உன் பத்து வயசுக் கேள்விக்கு மிக அருகில் இருக்கும் உத்தியோகம் அதுவாகவே இருக்கலாம். யோசி.

“பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு தூரம்” என்று உன் பெரியப்பா சொன்னாராம். அவருக்கு ரீட்டா லெவி-மொன்டால்சினியைப் பற்றிச் சொல். இத்தாலிக்காரி, யூதப் பெண். அப்பா முதலில் கல்லூரிப் படிப்பே வேண்டாம் என்றார். அவரைச் சம்மதிக்கவைத்து மருத்துவம் படித்தார். 1938-இல் முசோலினி அரசு யூதர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தியது. ரீட்டா தன் படுக்கையறையை ஆய்வுக்கூடம் ஆக்கினார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கினார். குண்டு விழத் தொடங்கியதும் நாட்டுப்புறத்துக்குப் போய், வீடு வீடாக முட்டை கேட்டு வாங்கினார், பிள்ளைகளுக்கு என்று பொய் சொல்லி. கருவை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சமையலுக்குக் கொடுத்தார். யுத்தம் முடிந்து அமெரிக்கா போய், நரம்புகளை வளரச் செய்யும் பொருளைக் கண்டுபிடித்தார். 1986-இல் நோபல். 103 வயது வரை இருந்தார். நாடே துரத்தியபோது அவரிடம் மிச்சம் இருந்தது ஓர் ஊசியும் ஒரு முட்டையும். உன்னிடம் ஒரு கல்லூரி இருக்கிறது, ஒரு பஸ் பாஸ் இருக்கிறது, உள்ளங்கையில் இணையம் இருக்கிறது. இனி ‘லாயக்கில்லை’ என்று எழுதினால் அந்தக் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

நம் மண்ணிலும் வேலை நடக்கிறது. கிண்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மரங்களுக்குள் தெரியுமே சென்னை ஐஐடி, அங்கே சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் என்று ஒன்று 2022-இல் தொடங்கியது. கருவிலிருந்த சிசுக்களின் மூளையை மெல்லிசாகச் சீவி, 5,132 சீவல்களைப் படமெடுத்து, முப்பரிமாண வரைபடமாக 2024-இல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் ‘தரணி’. இணையத்தில் நீயே திறந்து பார்க்கலாம். யாரும் உன் நீட் மார்க்கைக் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை வைக்கிறேன். கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, பெங்களூருக்கு ரயிலேறு. நிம்ஹான்ஸில் ஒரு மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. உயிர் போனவர்களின் குடும்பத்தார் தானமாகக் கொடுத்த மூளைகள். பக்கவாதம் தாக்கியதும் இருக்கும், கட்டி வந்ததும் இருக்கும். அங்கே நிஜமான மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று முன்னாலேயே விசாரித்துக்கொள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. மூளையை முதலில் அவர் கையில் கொடுக்கச் சொல்.